கைக்கருவிக்கு ஒரு கண்

நுழையும்முன்

உழைப்பவரின் கையைக் கருவி நீட்டித்தது. கண்ணை விளக்கு நீட்டித்தது. நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்த இவ்விரண்டும் இன்று ஒரே பொருளில் இணைந்து வருகின்றன. வண்டியையும் படகையும் கழுவப் பயன்படும் எளிய கைக்கருவியில் ஒரு சிறுவிளக்கைப் பொருத்துவது அற்பச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் அதற்குள் ஒளியியலும் மின்னியலும் வேதியியலும் அடங்கியுள்ளன. உழைப்பவர்மீது கொள்ளும் அக்கறையும் அடங்கியுள்ளது. உப்புக்காற்று வீசும் பழவேற்காட்டு ஏரிக்கரையை நிலைக்களனாகக் கொண்டு அதனை விளக்குகிறது இப்பாடம்.

விடியலுக்கு முன் விழிக்கும் ஊர்கள்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு அமைந்துள்ளது. இங்குள்ள ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பரப்பு ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் பரவியுள்ளது. ஆரணியாறு முதலிய ஆறுகள் மழைக்காலத்தில் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. இவ்விரு நீரும் கலக்குமிடத்தில் இறாலும் நண்டும் மடவையும் செழிக்கின்றன. அவற்றை நம்பி ஏரியைச் சுற்றிலும் மீனவச் சிற்றூர்கள் வாழ்கின்றன.

இவ்வூர்களின் வேலைநேரத்தை வகுப்பவை நீரோட்டமும் காற்றும் சந்தையுமே. ஏரியில் வலையிடும் இடங்களை ஊரார் 'பாடு' என்னும் முறைப்படி தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். எவர், எந்த முறையில், எவ்விடத்தில் வலையிடலாம் என்பதை அம்முறை வகுக்கிறது. தமக்குரிய முறை வரும்போது இருள் என்றோ குளிர் என்றோ காத்திருக்க இயலாது. கடலுக்குச் செல்லும் படகுகளும் பொழுது புலருமுன் புறப்படுகின்றன. பிடிபட்ட மீன் கெடுமுன் பனிக்கட்டியில் இடப்பட்டு, சந்தை கூடுமுன் நகரத்தை அடையவேண்டும். ஆதலின், கரையில் நிகழும் பணிகளுள் பல அரையிருளில் நிகழ்கின்றன.

இருளில் உழைப்பதற்கு மனிதர் முதலில் நம்பியது தொடுவுணர்வையே. பழவேற்காட்டு ஏரியின் ஆழமற்ற கலங்கல் நீரில் இறங்கிக் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் இன மக்களிடம் அத்திறனை இன்றும் காணலாம். சேற்றுக்குள் கண் காணாததை அவர்கள் விரல்நுனி காண்கிறது. எனினும், எல்லாப் பணிகளையும் விரல்நுனியால் செய்துவிட முடியாது. உப்பு படிந்த இயந்திரத்தையும் துருவேறிய வண்டியையும் கழுவித் தூய்மை செய்வதற்குக் கண்ணின் துணை தேவை.

உப்பு என்னும் ஓயாத பகை

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. பழவேற்காட்டு ஏரிநீரின் உப்பளவோ பருவத்திற்கேற்ப மாறுகிறது. மழைக்காலத்தில் குறையும் அது, ஆறுகள் வறண்டு நீர் ஆவியாகும் கோடையில் உயர்கிறது. இந்நீர் தெறித்துப் படியும் உலோகம் எதுவும் நெடுநாள் நலமாக இருப்பதில்லை.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு அச்செயலை விரைவுபடுத்துகிறது. உப்புக்கரைசல் மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால், துருப்பிடித்தலுக்குக் காரணமான மின்வேதிவினை தங்குதடையின்றி நடைபெறுகிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலத்தையும் துளைக்கின்றன. இதைவிட நுட்பமான தீங்கு ஒன்றுண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது, சோடியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் தானே கரைசலாகிவிடும். கடற்கரை இரவுகளில் ஈரப்பதம் இவ்வளவைத் தாண்டுவது இயல்பு. பகலில் உலர்ந்ததுபோல் தோன்றும் வண்டி, இரவில் மழையின்றியே நனைகிறது. உப்பு நீங்கும்வரை துருப்பிடித்தலும் நிற்பதில்லை.

மீனவர் குடும்பத்தின் பெருமுதலீடு பெரும்பாலும் உலோகமாகவே இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கண்ணாடியிழையாலான ஃபைபர் படகுகள் தமிழகக் கடற்கரையில் மிகுந்தன. படகின் உடல் துருப்பிடிக்காது. அதன் பின்புறம் பொருத்தப்படும் இயந்திரம் அரிக்கப்படும். அவ்வியந்திரத்தின் குளிர்விப்புக் குழல்களில் உப்புநீரே ஓடுவதால், பணி முடிந்தபின் அவற்றுள் நன்னீர் செலுத்திக் கழுவுதல் தேவையாகிறது. இயந்திரத்தைக் காப்பதற்காகத் தான் கரைந்துபோகும் துத்தநாகக் கட்டி ஒன்றும் அதில் பொருத்தப்பட்டிருக்கும். அது எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதைக் கழுவும்போதே கண்டறியவேண்டும்.

கரையில் நிற்கும் வண்டிகளின் நிலையும் இதுவே. இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் கட்டிய மீன்பெட்டியிலிருந்தும், மக்கள் 'குட்டியானை' என அழைக்கும் சிறு சரக்கு வண்டியிலிருந்தும் பனிக்கட்டி உருகிய உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அது வண்டியின் அடிச்சட்டத்திலும் மட்காட்டின் உட்புறத்திலும் தடைக்கம்பிகளிலும் தேங்குகிறது. வெளியே பளபளப்பாகத் தோன்றும் வண்டி, அடியில் அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். ஆகவே, இவ்வூர்களில் வண்டி கழுவுதல் அழகுக்காகச் செய்யப்படும் பணி என்று கருதிவிட முடியாது. அது பிழைப்பைக் காக்கும் பணியாகும்.

விளக்குப் பிடிக்கும் கை

இப்பணிக்குரிய கருவிகள் எளியவை. நீண்ட கைப்பிடி கொண்ட பிரஷ், குழாயின் முனையில் பொருத்தும் நீர்த்துப்பாக்கி, 'வாட்டர் சர்வீஸ்' நிலையங்களில் காணப்படும் உயரழுத்த நீர்க்கருவி ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் எதனைப் பயன்படுத்தினாலும் அரையிருளில் ஒரே இடர்ப்பாடு எழுகிறது. ஒரு கையில் கருவி. மறுகையில் டார்ச் விளக்கு. தேய்க்கவும் திருப்பவும் பிடித்துக்கொள்ளவும் இரு கைகள் தேவைப்படும் வேலையை ஒற்றைக்கையால் செய்யவேண்டியிருக்கிறது. இல்லையெனில் விளக்குப் பிடிப்பதற்கென்றே இன்னோர் ஆள் வேண்டும்.

அந்த இன்னோர் ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாக இருப்பதைத் தமிழகத்தின் எந்தப் பட்டறையிலும் எந்த முற்றத்திலும் காணலாம். தூக்கக் கலக்கத்தில் பிள்ளை பிடிக்கும் விளக்கு, வேலை நடக்கும் இடத்தை விட்டு விலகும். "இங்கே காட்டு" என்னும் குரல் எழும். வேலை செய்பவர் எங்கே பார்க்கிறார் என்பதை விளக்குப் பிடிப்பவர் ஊகிக்கவேண்டும். இருவர் கவனமும் ஒன்றுபடாதபோது ஒளி ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலும் இருக்கும்.

நெற்றியில் கட்டும் தலைவிளக்கு இவ்விடரை ஓரளவு தீர்த்தது. இரு கைகளும் விடுபட்டன. எனினும், தலை திரும்பும் திசையில் மட்டுமே அவ்வொளி செல்லும். மட்காட்டின் உட்புறத்திலும் வண்டியின் அடிச்சட்டத்திலும் தலையை நுழைக்க இயலாது. தலை நுழையாத இடத்திலும் கருவி நுழைகிறது. உப்பும் துருவும் மிகுந்திருப்பதும் அத்தகைய இடங்களில்தான். ஒளியும் அங்கே செல்லவேண்டுமெனில், அது கருவியின் முனையிலேயே இருக்கவேண்டும்.

மூவகை ஒளி

மனிதர் ஒளியைக் கையாண்ட வரலாற்றை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, ஓரிடத்தில் நின்று வழிகாட்டும் ஒளி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, இரவில் கலங்களை அழைக்கும் கலங்கரை விளக்கத்தைக் காட்டுகிறது. பழவேற்காட்டுப் பகுதியிலும் கலங்கரை விளக்கத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட 'லைட் ஹவுஸ் குப்பம்' என்னும் மீனவக் குடியிருப்பு உள்ளது.

இரண்டாவது, மனிதருடன் செல்லும் ஒளி. தீப்பந்தம், அரிக்கேன் விளக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவாகிப் பின்னர் தமிழகத்துத் திருமண ஊர்வலங்களிலும் இரவுக் கடைகளிலும் இடம்பிடித்த பெட்ரோமாக்ஸ் விளக்கு, டார்ச் விளக்கு ஆகியவை இவ்வகையின. 1815ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி, நிலக்கரிச் சுரங்கத்தின் தீப்பற்றும் வளியிடையே ஏந்திச் செல்லத்தக்க காப்பு விளக்கை உருவாக்கினார். தீச்சுடரைச் சுற்றி மெல்லிய கம்பிவலையை அமைத்து, வெப்பம் வெளியே பரவாமல் தடுத்தார். பணியிடத்தின் இடர்ப்பாட்டை அறிந்து விளக்கை வடிவமைத்தமைக்கு அது சிறந்த சான்றாகும்.

மூன்றாவது, கருவியோடு ஒன்றாகிய ஒளி. தையல் இயந்திரத்தின் ஊசியருகே எரியும் சிறுவிளக்கைப் பலரும் பார்த்திருப்பர். தையற்காரர் விளக்கைத் தேடுவதில்லை. ஊசி இருக்குமிடத்தில் ஒளி இருக்கிறது. துளையிடும் கருவிகளிலும் தூசியுறிஞ்சிகளிலும் இத்தகைய விளக்குகள் வந்துவிட்டன. பல் மருத்துவர் கையாளும் துளைகருவி இதற்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டாகும். அதன் முனையிலிருந்து நீரும் பீறிடும், ஒளியும் பாயும். நீரையும் ஒளியையும் ஒரே முனையில் இணைக்கலாம் என்பதை மருத்துவத்துறை முன்பே மெய்ப்பித்துள்ளது. வண்டி கழுவும் கருவியில் விளக்கை இணைப்பது அவ்வழியில் அமைந்த அடுத்த அடியாகும்.

இம்மூன்றாம் நிலையைப் பரவலாக்கியது எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டையோடு. பழைய இழைவிளக்கு எளிதில் உடைந்தது. மிகுந்த மின்னாற்றலை வெப்பமாக வீணடித்தது. சிவப்பு, பச்சை ஒளி தரும் டையோடுகள் முன்பே இருந்தபோதிலும், நீலம் கிடைக்காததால் வெள்ளொளி கைகூடவில்லை. 1990களில் ஜப்பானைச் சேர்ந்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகியோரின் உழைப்பால் ஒளிமிக்க நீல டையோடு உருவானது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சை அதன்மேல் இட்டபோது வெள்ளொளி பிறந்தது. இக்கண்டுபிடிப்புக்காக அம்மூவரும் 2014ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். நெல்மணியளவே உள்ள விளக்கைக் கருவியின் முனையில் பதிப்பதற்கு அதுவே வழிவகுத்தது.

அருகில் வந்தால் பெருகும் ஒளி

விளக்கைக் கருவியின் முனைக்குக் கொண்டுசெல்வதால் விளையும் முதல் நன்மையை ஓர் எளிய கணக்கு தெளிவாக்கும். சிறிய ஒளிமூலம் ஒன்றிலிருந்து ஒரு பரப்பில் விழும் ஒளியளவு, தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் அமையும். தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். தொலைவு பாதியானால் ஒளி நான்கு மடங்காகும்.

20 கேண்டிலா ஒளிச்செறிவு கொண்ட ஒரு சிறுவிளக்கை எடுத்துக்கொள்க. அதனை 2 மீட்டர் தொலைவில் பிடித்தால் பரப்பில் விழுவது 5 லக்ஸ் மட்டுமே. அதே விளக்கைக் கருவியின் முனையில் பொருத்தி, பரப்பிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவில் இயக்கினால் 320 லக்ஸ் கிடைக்கும். தொலைவு எட்டில் ஒரு பங்காகக் குறைய, ஒளி 64 மடங்காகப் பெருகுகிறது. விளக்கும் அதேதான்; செலவாகும் மின்னாற்றலும் அதேதான். இடம் மட்டுமே மாறியது.

ஒளி போதுமானதாக இருந்தால் நீரும் மிஞ்சும். அழுக்கு நீங்கியதா என்பது தெரியாதபோது, ஐயத்தின் காரணமாக நீர் மேலும் மேலும் பாய்ச்சப்படுகிறது. நிமிடத்திற்கு 10 லிட்டர் பாயும் குழாயை 3 நிமிடம் முன்னதாக நிறுத்த முடிந்தால் 30 லிட்டர் நன்னீர் மிஞ்சுகிறது. உப்புநீர் சூழ்ந்த ஊரில் இரண்டு குடம் நன்னீர் என்பது சிறிய மிச்சமன்று.

ஒளி விழும் கோணம்

ஒளியின் அளவைப் போன்றே அது விழும் கோணமும் இன்றியமையாதது. கண்ணுக்கு அருகிலிருந்து நேராகப் பாயும் ஒளியில் நிழல் பொருளின் பின்னே மறைந்துவிடும். அதனால் மேடும் பள்ளமும் ஒரே தளமாகத் தோன்றும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் ஒளியில் சிறு மேடுகூட நீண்ட நிழலை வீழ்த்தும். மாலைக் கதிரில் மணற்பரப்பின் நுண்ணிய அலைவரிகள் துலங்குவது இதனால்தான். வண்ணப்பூச்சின் அடியில் துரு புடைக்கத் தொடங்கியிருப்பதையும் இடுக்கில் உப்புப் படிந்திருப்பதையும் சாய்வொளியே காட்டிக்கொடுக்கும். பரப்பை ஒட்டி நகரும் பிரஷின் ஓரத்தில் பதித்த விளக்கு இயல்பாகவே இத்தகைய ஒளியைத் தருகிறது.

நீர் பீறிடும் கருவியில் வேறொரு சிக்கல் உண்டு. பனிமூட்டத்தில் வண்டியின் முகப்பு விளக்கை உயர்த்தி எரியவிட்டால் எதிரே வெண்திரை எழுவதை ஓட்டுநர்கள் அறிவர். நீர்த்திவலைகள் ஒளியைச் சிதறடித்து ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பியனுப்புகின்றன. நீர்த்துப்பாக்கியின் வாயைச் சுற்றி வளையமாக விளக்குகளைப் பதித்தால், ஒளி முழுவதும் நீர்த்தூவலின் ஊடே செல்லும்; கழுவும் இடம் மறைந்து வெண்திரையே தெரியும். மூடுபனி விளக்குகளை வண்டியின் கீழ்ப்பகுதியில் பொருத்துவதுபோல, இங்கும் விளக்கை நீர்த்தாரையின் பாதையிலிருந்து விலக்கி, பக்கத்திலிருந்து சாய்த்து அமைத்தல் நன்று. ஈரமான பரப்பு கண்ணாடிபோல் ஒளியை எதிரொளிக்கும் ஆதலால், கண்ணை நோக்கி வரும் ஒளியைத் தடுக்கச் சிறு மறைப்பும் வேண்டும்.

ஒளியின் நிறமும் கவனிக்கத்தக்கது. சோடியம் தெருவிளக்கின் மஞ்சள் ஒளியில் துருவின் செம்பழுப்பும் சேற்றின் கருமையும் ஒன்றுபோலவே தோன்றும். நிறங்களை உள்ளவாறு காட்டும் வெள்ளொளி இருந்தால்தான் சேற்றையும் துருவையும் பிரித்தறிய முடியும். சேற்றைக் கழுவ நீர் போதும். துருவுக்கோ வேறு சிகிச்சை தேவை.

நீரும் மின்சாரமும்

நீரையும் மின்சாரத்தையும் ஒரே கையில் ஏந்துவது ஆபத்தானது. தோல் நனைந்தால் அதன் மின்தடை பெரிதும் குறைகிறது. உலர்ந்த கையில் சிறு அதிர்ச்சியோடு நிற்கும் மின்தாக்குதல், ஈரக்கையில் உயிரைப் பறிக்கக்கூடும். எனவே, கருவியிலுள்ள விளக்கை வீட்டு மின்னிணைப்பின் 230 வோல்ட்டில் இயக்குதல் கூடாது. ஒரு சில வோல்ட் மட்டுமே தரும் மின்கலத்தால் இயக்குவதே முறை. உயரழுத்த நீர்க்கருவியின் மோட்டாருக்கு வீட்டு மின்சாரம் தேவைப்படுமிடத்தில், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் இணைப்பைத் துண்டிக்கும் காப்புச்சாதனம் கட்டாயம் இருக்கவேண்டும்.

3.6 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு லித்தியம் அயனி மின்கலம் 9 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும். அது 3 வாட் விளக்கை ஏறத்தாழ 3 மணிநேரம் எரியச் செய்யும். மின்கலமே இன்றி விளக்கேற்றும் வழியும் உண்டு. குழாயில் பாயும் நீரைக் கொண்டு சிறு சுழலியைச் சுழற்றி ஒளிதரும் குளியலறைத் தூவல்குழாய்கள் சந்தையில் உள்ளன. நிமிடத்திற்கு 6 லிட்டர் பாயும் நீரின் அழுத்தத்தில் 1 பார் மட்டும் எடுத்துக்கொண்டால், கோட்பாட்டளவில் 10 வாட் திறன் கிடைக்கும். அதில் ஒரு பகுதியே ஒரு சிறுவிளக்கிற்குப் போதுமானது. நீர் பாயும்போது விளக்கு எரியும். நீர் நின்றால் அணையும்.

விளக்குக் கூட்டினுள் நீர் புகாமல் காப்பது கடினமான பணியாகும். எரியும்போது விளக்குக் கூடு சூடேறி, உள்ளிருக்கும் காற்று விரிவடைகிறது. குளிர்ந்த நீர் பட்டதும் அக்காற்று சுருங்கி, இணைப்பிடுக்குகளின் வழியே நீரை உள்ளிழுக்கிறது. இதனைத் தடுக்க, விளக்கையும் மின்சுற்றையும் பிசினில் முழுமையாகப் பொதிந்துவிடுவர். கூட்டில் துளையிட்டுப் பொத்தான் வைப்பதற்கு மாற்றாக, வெளியே நகரும் காந்தத்தை உள்ளிருந்தே உணரும் இணைப்புமாற்றியை அமைக்கலாம். உலோகத் தொடுமுனைகளை உப்பு அரிக்குமாதலால், மின்காந்தத் தூண்டல்வழி மின்னேற்றம் செய்வது கடற்கரைக்கு ஏற்றது.

தெரிந்து தெளிவோம்

மின்சாதனக் கூடுகள் தூசியையும் நீரையும் எந்த அளவிற்குத் தடுக்கின்றன என்பதை 'ஐ.பி.' என்னும் பன்னாட்டுக் குறியீடு உணர்த்துகிறது. அதன் முதல் எண் (0 முதல் 6 வரை) தூசித் தடுப்பையும், இரண்டாம் எண் (0 முதல் 9 வரை) நீர்த் தடுப்பையும் குறிக்கும். இரண்டாம் எண் 5 எனில் நீர்த்தாரையையும், 6 எனில் வலிய நீர்த்தாரையையும், 7 எனில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிட மூழ்கலையும், 9 எனில் உயரழுத்தச் சுடுநீர்த் தாரையையும் தாங்கும். மூழ்கலைத் தாங்கும் கருவி நீர்த்தாரையைத் தாங்கும் என்பது உறுதியன்று. அவ்விரு சோதனைகளும் வெவ்வேறானவை.

ஒளிக்கும் எல்லை உண்டு

ஒளி பெருகுவது எங்கும் எப்போதும் நன்மையே தரும் என்று கருதுதல் பொருந்தாது. கடற்கரை இதனை நன்கு உணர்த்துகிறது. மீன்களை ஒளியால் கவர்ந்து கூட்டமாக அள்ளும் முறை, குஞ்சுமீன்களையும் விட்டுவைப்பதில்லை. எனவே, எல்.இ.டி. முதலிய செயற்கை விளக்குகளைக் கொண்டு மீன்பிடிப்பதை இந்தியாவின் தனிப்பொருளாதாரக் கடற்பகுதியில் நடுவண் அரசு 2017ஆம் ஆண்டு நவம்பரில் தடைசெய்தது. கருவியின் முனையில் உழைப்பவருக்குத் துணைநிற்கும் அதே விளக்கு, கடலில் வேட்டைப்பொறியாக மாறிவிடுகிறது.

சென்னையை ஒட்டிய கடற்கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகள் இரவில் ஒளிமிக்க தொடுவானை நோக்கி நகரும் இயல்புடையவை. இயற்கையில் அத்தொடுவானம் கடலின் பக்கமே இருக்கும். கரையில் பெருவிளக்குகள் எரிந்தால் குஞ்சுகள் திசைமாறி ஊரை நோக்கிச் சென்று மடிகின்றன. கடற்கரை முழுவதையும் பகலாக்கும் உயர்கம்ப விளக்கைவிட, ஒரு சாண் பரப்பை மட்டும் துலக்கி வேலை முடிந்ததும் அணைந்துவிடும் கருவிவிளக்கு, உழைப்பவருக்கும் ஆமைக்கும் நன்மை செய்கிறது.

கழுவிய நீர் எங்கே செல்கிறது என்பதும் இதனோடு சேர்ந்த வினாவே. எண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்த நீர் ஏரியில் கலந்தால், இறாலும் மடவையும் வளரும் நீர் மாசுபடும். வண்டியைக் காப்பதற்காக ஏரியைக் கெடுப்பது, கிளையைக் காக்க வேரை வெட்டுவதாகும். நீர்க்கரையிலிருந்து விலகி, வடிநீர் மண்ணில் வடிகட்டப்படும் இடத்தில் கழுவுதலே தக்கது.

சிறியதன் பெருமை

புதுமை என்றவுடன் விண்கலமும் கணினியும் நினைவுக்கு வருகின்றன. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்கலங்கள் ஏவப்படும்போது, அவற்றின் ஒளி ஏரிநீரிலும் விழுகிறது. அதே ஏரியின் கரையில், கருவியின் முனையில் எரியும் நெல்மணியளவு விளக்கும் புதுமையே. விண்கலத்தை உருவாக்கத் தேவையான ஆற்றலுடைய நாட்டில், விடியலுக்கு முன் உழைப்பவரின் கைக்கு எது தேவை என்று கேட்கும் மனமும் வளரவேண்டும்.

அத்தகைய கருவி சில இயல்புகளைப் பெற்றிருக்கவேண்டும். அது எளிய விலையில் கிடைக்கவேண்டும், உப்பைத் தாங்கவேண்டும், கையைக் களைப்பிக்காத எடையில் அமையவேண்டும், மின்கலம் தளர்ந்தால் உள்ளூர்ப் பட்டறையிலேயே மாற்றத்தக்கதாக இருக்கவேண்டும். விளக்கு பழுதானதற்காக முழுக்கருவியையும் எறியவேண்டியிருந்தால், அவ்விணைப்பு உழைப்பவருக்குச் சுமையாகிவிடும். இவற்றை அறிய ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. கரையில் நின்று, வேலை செய்வோரின் கை எங்கே தயங்குகிறது, கண் எங்கே தடுமாறுகிறது என்று உற்றுநோக்கவேண்டும்.

விளக்கு கருவியோடு இணையும்போது, உழைப்பவருக்கு இன்னொரு கை திரும்பக் கிடைக்கிறது. விளக்குப் பிடித்து நின்ற பிள்ளைக்கு விடியற்காலைத் தூக்கமோ படிப்போ திரும்பக் கிடைக்கிறது. வண்டியின் ஆயுள் நீள்கிறது. ஏரிக்கரையின் இருள் குலையாமல் இருக்கிறது. ஒரு சிறுவிளக்கை எங்கே வைப்பது என்னும் எளிய வினாவுக்கு ஆராய்ந்து விடைகாணும்போது இத்தனை நன்மைகளும் விளைகின்றன.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் இருளில் அல்லது அரையிருளில் நடைபெறும் தொழில் ஒன்றை உற்றுநோக்கி, அங்கு ஒளி எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்பதைக் குறிப்பெடுத்து வகுப்பறையில் பகிர்க.

2. அன்றாடம் பயன்படும் கைக்கருவி ஒன்றில் விளக்கைப் பொருத்தவேண்டுமெனில் எவ்விடத்தில், எக்கோணத்தில் பொருத்துவீர்கள்? படம் வரைந்து காரணங்களுடன் விளக்குக.

நம்மை அளவிடுவோம்

குறுவினா

1. கடற்கரை ஊர்களில் மழையின்றியே வண்டிகள் நனைவது எதனால்?

2. 'பாடு' முறை என்றால் என்ன?

சிறுவினா

1. தலைவிளக்கால் தீராத எந்த இடர்ப்பாட்டைக் கருவியோடு இணைந்த விளக்கு தீர்க்கிறது?

2. நீர்த்துப்பாக்கியின் வாயைச் சுற்றி விளக்குகளைப் பதிப்பது ஏன் பொருந்தாது?

நெடுவினா

1. 'ஒளி ஒருபுறம் துணையாகவும் மறுபுறம் தீங்காகவும் அமைகிறது' – பழவேற்காட்டுக் கடற்கரைச் சூழலைக் கொண்டு இக்கருத்தை நிறுவுக.